எல்லா வாகனத்துக்கும் ஒரே நாளில் வயதாக விடாதீர்கள்

2021 கார்த்திகையில் அத்தானின் மூன்று பஸ்களும் ஒரே கிழமையில் படுத்தன. ஒன்றுக்குக் கியர்பொக்ஸ், ஒன்றுக்கு எஞ்சின் ஹெட், மற்றதுக்குப் பின்பக்க ஸ்பிறிங் தகடுகள். முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு ஓடுகிற பெமிட் கையில் இருக்கிறது, ஓடுவதற்கு வாகனம் இல்லை. கிளினிக் கொப்பியோடு வயதானவர்கள் முள்ளியவளையில் றோட்டோரம் காத்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

அக்கா முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். நானும் கூடப்போய் உடைத்தேன். வீட்டுக்கு வந்து மூன்று பஸ்ஸின் பதிவுப் புத்தகங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது விஷயம் விளங்கியது. மூன்றும் 2011 இல், எட்டு மாதத்துக்குள் அடுத்தடுத்து வாங்கியவை. மீள்குடியேற்றக் காலம், லீசிங் கம்பனிகள் ஏ9 வீதியோரம் கடை திறந்த காலம். கிடைக்கும்போது வாங்குவோம் என்று அத்தான் வாங்கிவிட்டார். பத்து வருடம் ஒரே றோட்டில் ஒரே அளவு ஓடின. சேர்ந்து வந்தவை சேர்ந்தே கிழடாகின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியும் நின்றிருந்தது. புதிதாக ஒன்று எடுக்க வழியில்லை, பழையதின் விலையோ ஏறிக்கொண்டே போனது.

அதற்கு முன் ஒன்பது வருடம் நான் வளைகுடா நாடொன்றில் ஒரு விமான நிறுவனத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்தேன். விமானத்தைத் தொட்டது குறைவு, அதன் காகிதங்களோடு இருந்த நேரம்தான் கூட. நூற்றுக்கு மேல் விமானங்கள் இருந்த இடம் அது. அங்கே இப்படி எல்லாம் ஒன்றாகப் படுத்ததை நான் பார்த்ததில்லை. காசு இருப்பது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. எந்த விமானம் எந்த வருடம் வரும், எது எப்போது கராஜுக்குள் போகும், எது என்றைக்கு வீட்டை விட்டுப் போகும் என்பது பல வருடம் முன்னமே ஒரு தாளில் இருக்கும். அந்த முறையை எங்கள் அளவுக்குக் குறுக்கி நாலு வருடமாகச் செய்து வருகிறோம். இரண்டு லொறி வைத்திருப்பவருக்கும், உழவு இயந்திரமும் அறுவடை மெசினும் வைத்திருப்பவருக்கும் இது உதவும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாள்

பெரிய தாள் ஒன்றை எடுத்துக் குறுக்காக வருடங்களை எழுதுங்கள், இன்றிலிருந்து பன்னிரண்டு வருடம். இடப்பக்கம் ஒவ்வொரு வாகனத்தின் இலக்கமும் வரட்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று குறி போடுங்கள்: வாங்கிய வருடம், பெரிய திருத்தம் செய்ய வேண்டிய வருடம், விற்க வேண்டிய வருடம். ஒரே வருடத்தில் இரண்டு குறி விழுந்தால் ஒன்றை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளுங்கள். விமானக் கூட்டத்தைத் திட்டமிடுவதன் சாரமே இந்தத் தாள்தான்.

விமான நிறுவனங்கள் எவ்வளவு தூரம் முன்னால் பார்க்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம். இந்தியாவின் இண்டிகோ 2023 யூனில் எயார்பஸ்ஸிடம் 500 விமானங்களுக்கு ஒரேயடியாக ஓடர் கொடுத்தது. அவை வந்து சேரும் காலம் 2030 முதல் 2035 வரை. ஐநூறும் ஒரே வருடத்தில் வந்தால் அந்த நிறுவனம் தாங்காது. விமானி வேண்டும், நிறுத்த இடம் வேண்டும், பத்து வருடம் கழித்து எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் பெரிய திருத்தம் வரும். அதனால்தான் வரவையே பிரித்து எழுதுகிறார்கள். அத்தான் 2011 இல் ஒன்று, 2014 இல் ஒன்று, 2017 இல் ஒன்று என்று வாங்கியிருந்தால் 2021 இல் எங்களிடம் நாலு வயதுப் பஸ் ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

விற்கும் வருடத்தை வாங்குகிற அன்றைக்கே எழுதுங்கள். மனம் ஒப்பாது, ஆனாலும் எழுதுங்கள். பென்சிலால் எழுதினால் போதும்.

காகிதம் இல்லாத சாமான் இரும்பு

ஒவ்வொரு வாகனத்துக்கும் தனிக் கோப்பு. மாற்றிய ஒவ்வொரு பெரிய பாகமும் என்ன, எங்கே வாங்கியது, எந்தத் திகதி, மீற்றரில் எத்தனை கிலோமீற்றர், யார் பூட்டினார்கள் என்று அதில் எழுத வேண்டும். பில்லை ஒட்டி வையுங்கள். கடைப் பில்லின் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும், அதனால் தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

விமான எஞ்சினுக்குள் சுழலும் தட்டுகளுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு. இத்தனை தடவை ஏறி இறங்கியதும் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் கழற்றி எறிய வேண்டும். அந்தத் தட்டு தொழிற்சாலையில் பிறந்த நாளிலிருந்து எந்தெந்த விமானத்தில் இருந்தது என்ற சங்கிலி முழுதாக இருக்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் அதை யாரும் பூட்டமாட்டார்கள். நான் வேலை செய்த இடத்தில் குத்தகை முடிந்த விமானம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் சில்லுத் தொகுதியின் ஒரு பாகத்துக்குரிய ஒற்றைத் தாள் காணாமல் போனது. மூன்று கிழமை நானும் இன்னும் இரண்டு பேரும் பெட்டி பெட்டியாகத் தேடினோம். பறக்கத் தயாராக நின்ற விமானம் ஒரு தாளுக்காக வெயிலில் நின்றது. அன்றிலிருந்து காகிதம் என்றால் எனக்கு ஒரு பயபக்தி.

எங்களூரில் பஸ் விற்கப் போகும்போது வாங்குபவர் மெக்கானிக்கைக் கூட்டி வந்து எஞ்சினைக் கேட்பார், புகையைப் பார்ப்பார், பிறகு விலையை அடிப்பார். சென்ற முறை நாங்கள் கோப்பை முன்னால் வைத்தோம். எஞ்சின் செய்த திகதி, போட்ட பாட்ஸின் பில், ஒவ்வொரு ஒயில் மாற்றமும் அதில் இருந்தது. அவர் விலையை அடிக்கவில்லை. "அக்கா, இந்தப் புத்தகத்தையும் தருவீங்கள்தானே?" என்று மட்டும் கேட்டார்.

கிலோமீற்றரை மட்டும் எண்ணாதீர்கள்

1988 ஏப்ரல் 28 இல் ஹவாய் தீவுகளில் அலோஹா எயார்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் முன்பக்கக் கூரை 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். மற்றவர்களோடு விமானம் எப்படியோ இறங்கியது. அந்த விமானம் பறந்த நேரம் ஏறக்குறைய 35,500 மணி. ஆனால் அது ஏறி இறங்கியது 89,680 தடவை. தீவுக்குத் தீவு தாவுகிற சின்னப் பயணங்கள், சராசரியாக அரை மணி கூட இல்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளே காற்றழுத்தம் ஏற உடம்பு உப்பும், இறங்கச் சுருங்கும். கம்பியை வளைத்து வளைத்து முறிக்கிற கதைதான். அதோடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்தது.

எங்கள் பஸ்ஸுக்கும் இதே கணக்கு உண்டு. இரவில் கொழும்புக்கு ஓடுகிற பஸ் கியரைப் போட்டால் நெடுநேரம் அப்படியே போகும். முல்லைத்தீவிலிருந்து ஒட்டுசுட்டான், மாங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போகிற எங்கள் பஸ் வீட்டுப் படலைக்குப் படலை நிற்கும். கையைக் காட்டினால் நிற்காமல் போக முடியுமா? அதே கிலோமீற்றரில் கிளட்ச் பிளேட்டும் பிறேக் லைனரும் பல மடங்கு வேலை செய்கின்றன. ஆகவே கொழும்புப் பஸ்காரர் சொல்கிற கிலோமீற்றர் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். ஒரு கிழமைக்கு நடத்துநரைக் கொண்டு ஒரு நடைக்கு எத்தனை தடவை நிற்கிறது என்று எண்ணுவியுங்கள். எங்களுக்கு ஒரு வழிக்கு எழுபதுக்குக் குறையாமல் வந்தது. கிளட்ச், பிறேக், படிக்கட்டு, கதவு இவற்றுக்கு நிறுத்தத்தை எண்ணுங்கள். எஞ்சின் ஒயிலுக்கும் ரயருக்கும் கிலோமீற்றர் போதும். பற்றரிக்கும் ரப்பர் குழாய்க்கும் நாட்காட்டி. உழவு இயந்திரம், அறுவடை மெசின் என்றால் மணித்தியாலம். கடற்கரையோரம் நிறுத்துகிற வாகனம் என்றால் அடித்தகடு உக்கியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

சிறு சோதனை, பெரிய சோதனை

விமானத்துக்குச் சில நூறு மணி பறந்ததும் ஒரு சிறு சோதனை, ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பெரிய சோதனை. பல வருடத்துக்கு ஒருமுறை இருக்கை, உட்சுவர் எல்லாம் கழற்றி எலும்புவரை பார்க்கிற சோதனையும் உண்டு. ஐரோப்பிய நிறுவனங்கள் பெரிய வேலையைப் பயணிகள் குறைந்த குளிர்காலத்தில்தான் வைத்துக்கொள்ளும். கோடை விடுமுறையில் ஒரு விமானத்தையும் கராஜில் வைக்க மனம் வராது.

எங்கள் கோடை எது? வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, அறுவடை முடிந்து கையில் காசு புழங்குகிற மாசி, பங்குனி. இந்த நாட்களில் எல்லா வாகனமும் ஓட வேண்டும். மாரி மழையில் கார்த்திகை, மார்கழி ஓட்டம் குறைவு. அப்போது ஒவ்வொன்றாகப் பெரிய வேலைக்கு விடுங்கள், இரண்டை ஒன்றாக விடாதீர்கள். கராஜ்காரரிடம் புரட்டாதியிலேயே சொல்லி நாளைப் பிடித்துவிடுங்கள். சாமான் பட்டியலையும் அப்போதே கொடுங்கள். வாகனத்தைக் கழற்றி வைத்துவிட்டு வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பாட்ஸ் தேடி அலைந்த நாட்கள்தான் எங்களுக்கு அதிகம் நட்டம் தந்தவை.

ஒரே வகையா, பல வகையா?

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் போயிங் 737 தவிர வேறு எதுவும் வைத்திருப்பதில்லை. எங்கள் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் எயார்பஸ் மட்டும். காரணம் சுலபம். எந்த விமானி எதிலும் ஏறலாம், ஒரே பாட்ஸ், ஒரே பயிற்சி, ஒன்று படுத்தால் மற்றது அந்த இடத்தில் நிற்கும். அத்தான் செய்த ஒரு நல்ல காரியம் மூன்று பஸ்ஸும் ஒரே மாதிரி லேலண்டாக வாங்கியதுதான். ஒரு கிளட்ச் பிளேட்டைச் சாக்கில் கட்டிச் சீற்றுக்குக் கீழே வைத்திருந்தால் மூன்றுக்கும் உதவும்.

ஆனால் ஒரே கூடையில் முட்டை வைப்பதன் ஆபத்தையும் விமானக்காரர் கண்டார்கள். இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்த பிறகு, 737 இன் புதிய வகையான மக்ஸ் 2019 மார்ச்சில் உலகம் முழுக்கத் தரையில் நிறுத்தப்பட்டது. சவுத்வெஸ்ட் வைத்திருந்த 34 மக்ஸும் ஒன்றரை வருடத்துக்கு மேல் பறக்கவில்லை. 2023 இல் பிராட் அன்ட் விட்னி எஞ்சின்களின் உலோகத் தூளில் குறை கண்டுபிடிக்கப்பட்டு, எயார்பஸ் நியோ விமானங்கள் நூற்றுக்கணக்கில் எஞ்சின் சோதனைக்காக நின்றன. என் எண்ணம் இதுதான்: ஐந்து வாகனம் வரை ஒரே வகை வைத்திருங்கள். அதற்கு மேல் போனால், அல்லது பாதை வேறுபட்டால், இரண்டாவது வகையை யோசியுங்கள். நூற்றுக்கணக்கான எயார்பஸ் வைத்திருக்கும் இண்டிகோ சென்னையிலிருந்து பலாலிக்கு 2024 செப்டெம்பரில் ஓட்டம் தொடங்கியபோது சின்ன ஏரீஆர் விமானத்தைத்தான் விட்டது. குறுகிய பாதைக்கு, அளவான சனத்துக்கு அதுவே பொருத்தம். துணுக்காய், ஐயன்கன்குளம் பக்கம் இருபது பேர் ஏறுகிற ஓட்டத்துக்குப் பெரிய பஸ்ஸை அனுப்பி டீசலைக் கரைக்காதீர்கள்.

இன்னொன்று, குழுவாக இருப்பதன் பலம். பிரிட்டிஷ் எயார்வேஸ், ஐபீரியா, எயர் லிங்கஸ், வூவெலிங் எல்லாம் ஐஏஜி என்ற ஒரே குழுமத்தின் கீழ் இருக்கின்றன. விமான ஓடர் குழுமத்தின் பெயரில் போகிறது, பிறகு யாருக்குத் தேவையோ அவருக்குப் பிரிக்கிறார்கள். எங்கள் பாதையில் ஐந்து உரிமையாளர்கள் இருக்கிறோம். போட்டிதான், ஆனால் 2022 இலிருந்து ரயரையும் ஒயிலையும் சேர்ந்து மொத்தமாக எடுக்கிறோம். ஒரு கியர்பொக்ஸை எல்லோரும் காசு போட்டு வாங்கி, செய்து, எங்கள் வீட்டுக் கொட்டிலில் வைத்திருக்கிறோம். யாருடையது உடைந்தாலும் அதைப் பூட்டி ஓடலாம். உடைந்ததைத் திருத்தித் திரும்ப வைக்க வேண்டும், கொப்பியில் கையெழுத்தும் போட வேண்டும்.

பழையதை வைத்திருப்பதா, புதியதை எடுப்பதா

புதிய ஏ320 நியோ பழைய ஏ320 ஐ விட 15 முதல் 20 சதவீதம் குறைவாக எரிபொருள் குடிக்கும். 2016 இல் முதல் நியோ பயணிகளோடு பறக்கத் தொடங்கியதிலிருந்து எல்லோரும் அதற்காக வரிசையில் நிற்பது இதனால்தான். ஆனாலும் கடன் முடிந்த பழைய விமானம் சில நேரம் புதியதை விட லாபம் தரும். ஆக, உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

எங்கள் கணக்கு இது. பழைய பஸ் லீற்றருக்கு 4 கிலோமீற்றர், பார்த்து வைத்த பஸ் 5. நாளுக்கு 200 கிலோமீற்றர் ஓடினால் பழையதுக்கு 50 லீற்றர், மற்றதுக்கு 40. மாதம் 26 நாள் ஓட்டத்தில் மிச்சம் 260 லீற்றர். அதை அன்றைய டீசல் விலையால் பெருக்குங்கள். சென்ற பன்னிரண்டு மாதத்தில் பழையதுக்குச் செய்த திருத்தச் செலவைக் கோப்பிலிருந்து கூட்டி, பன்னிரண்டால் பிரித்து அதோடு சேருங்கள். பஸ் ஓடாமல் நின்ற நாட்களின் வருமானத்தையும் அதே மாதிரி மாதத்துக்குப் பிரித்துச் சேருங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கூட்டுத்தொகை புதிய பஸ்ஸின் மாதக் கட்டணத்தைத் தாண்டினால் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. தாண்டாவிட்டால் பழையதை நன்றாகச் செய்து இன்னும் இரண்டு வருடம் ஓட்டுங்கள்.

லீசிங் எடுப்பது வெட்கமில்லை. உலகில் பறக்கும் பயணிகள் விமானங்களில் ஏறக்குறைய பாதி குத்தகைக்கு எடுத்தவை. 1979 இல் எயார் லங்கா தொடங்கியதே சிங்கப்பூர் எயார்லைன்ஸிடம் குத்தகைக்கு எடுத்த போயிங் 707 களோடுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எல்லா லீசிங்கும் ஒரே வருடத்தில் முடிகிற மாதிரி எடுக்காதீர்கள். கடன் இல்லாத ஒரு வாகனம் எப்போதும் கையில் இருக்கட்டும். 2022 இல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

கைவிடுவது

இதுதான் எங்களுக்கு மிகக் கடினம். வன்னியில் வாகனத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கும் வித்தை எல்லோருக்கும் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா கொஞ்சப் பெற்றோலைக் காட்டி எஞ்சினைத் தட்டியெழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர். கிடைக்காத பாகத்தைக் கடைச்சல் பட்டறையில் செய்வித்தவர். 2009 இல் கடைசியாக விட்டுவிட்டு வந்த வாகனங்கள் பிறகு துருப்பிடித்த குவியலாகக் கிடந்து கிலோ விலைக்கு இரும்பாகப் போனதையும் நாங்கள் கண்டோம். அதற்குப் பிறகு ஓடுகிற ஒன்றை நாமாக விடுவது என்றால் நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது. அத்தான் முதல் பஸ்ஸைக் கொடுக்க ஒரு வருடம் இழுத்தார். அவரை நான் அவசரப்படுத்தவில்லை.

ஆனால் சிங்கப்பூர் எயார்லைன்ஸில் பறந்த முதல் ஏ380 களில் இரண்டு, வயது பத்தை ஒட்டிய நிலையில், பிரான்ஸின் தார்ப் நகரில் பிரித்தெடுக்கப்பட்டன. உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானம் அது. முழுதாக வாங்க ஆளில்லை, எஞ்சினுக்கும் சில்லுக்கும் கருவிகளுக்கும் ஆளிருந்தது. நாங்களும் அப்படித்தான் செய்தோம். முழுப் பஸ்ஸுக்குக் கேட்ட விலை குறைவு. எஞ்சினையும் கியர்பொக்ஸையும் மற்ற இரண்டுக்கும் வைத்துக்கொண்டு, அச்சுகளையும் சீற்றுகளையும் தனித்தனியாக விற்று, கடைசியில் கூட்டை இரும்புக்குக் கொடுத்தோம். கேட்ட விலையை விடக் கூடவே வந்தது. பதிவை ரத்துச் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இல்லாத வாகனத்தின் பொறுப்பு உங்கள் பெயரில் கிடக்கும்.

விற்காமல் கொஞ்சக் காலம் நிறுத்தி வைப்பதென்றால் அதுவும் ஒரு வேலைதான். 2020 இல் விமானங்களைக் காய்ந்த காற்றுள்ள ஸ்பெயினின் தெருவெல், அவுஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிறிங்ஸ் போன்ற இடங்களில் நிறுத்தினார்கள். எஞ்சின் வாயை மூடி, ஈரம் உறிஞ்சும் பைகள் வைத்து, நாட்கணக்குப்படி சில்லுகளைச் சுழற்றினார்கள். எங்கள் ஈரக் காற்றில் இன்னும் கவனம் வேண்டும். பற்றரியைக் கழற்றுங்கள், டீசல் தாங்கியை நிரப்பி வையுங்கள், கிழமைக்கு ஒருநாள் ஓட்டி ரயரின் அழுத்தப் பக்கத்தை மாற்றுங்கள். எலி வயரைக் கடிக்காமல் எஞ்சினுக்குப் பக்கத்தில் நெல் மூட்டை எதுவும் வைக்காதீர்கள்.

சாரதி

புது வகை விமானம் வருவதற்கு முன்னமே விமானிகளைப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். விமானம் வந்த பிறகு ஆள் தேடுவதில்லை. இறக்குமதி திரும்பத் திறந்த 2025 இல் நாங்கள் ஒரு பஸ் எடுத்தோம். எங்கள் மூத்த சாரதி அண்ணை பழைய லேலண்டைப் பன்னிரண்டு வருடம் ஓட்டியவர், அதன் சத்தத்தை வைத்தே நோய் சொல்வார். புதியதில் சத்தம் குறைவு, விளக்குகள்தான் பேசும். பரந்தனில் அதே மாதிரி பஸ் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, எங்களது வருவதற்கு இரண்டு கிழமை முன்பே அண்ணையை அதில் ஓடவிட்டோம். ஒவ்வொரு விளக்கும் எதைச் சொல்கிறது என்று தமிழில் எழுதி, அவர் கண் படுகிற இடத்தில் ஒட்டினோம். முதல் மாதம் டீசல் கணக்கு 5 க்கு வரவில்லை, 4.3 தான் வந்தது. பழைய பழக்கத்தில் கியரை நேரத்துக்கு முன்னமே இறக்குகிறார் என்று நடத்துநர் தம்பி கண்டுபிடித்தான். இரண்டாம் மாதம் 4.8.

அந்தப் பஸ்ஸின் கோப்பு முதல் பக்கத்தில் 2035 என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். அண்ணை அதைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள நான் ஓய்வெடுத்திடுவன் பிள்ளை, அடுத்தவனை இப்பவே பக்கத்தில ஏத்தி விடுங்கோ" என்றார். நடத்துநர் தம்பி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் பஸ்ஸில் அவரோடு பழகுகிறான்.